நொய்யலில் இறங்கிய உப்பு எங்கே போயிற்று?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த நேரத்தில் வழக்கமாக விதை, உரம், பூச்சி மருந்து பற்றிப் பேசுவோம். இன்றைக்கு ஒரு சரித்திரம் சொல்லலாம் என்று இருக்கிறேன். ராஜா ராணி சரித்திரம் இல்லீங்க, உப்பின் சரித்திரம். கடலோரத்தில் விளைந்த உப்பு லாரி ஏறித் திருப்பூருக்கு வந்தது. சாயப்பட்டறைக்குள் போனது. நொய்யலில் இறங்கியது. அங்கிருந்து கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் காவிரிக்கும் போனது. கடைசியில் புறப்பட்ட கடலுக்கே திரும்பிவிட்டதா, அல்லது வழியிலேயே தங்கிவிட்டதா? இதைத் தெரிந்துகொள்வது கொங்குச் சீமைக்காரருக்கு மட்டும் உண்டான தேவை இல்லை. ஆத்தோரத்தில் கிணறு வைத்திருக்கிற எல்லோருக்கும் தேவை.

ஆறும் தொழிலும்

நொய்யல் பெரிய ஆறு அல்ல. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர், கோயமுத்தூர், திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்கிற ஊர் அருகே காவிரியில் சேர்ந்துவிடுகிறது. மொத்தமே சுமார் 180 கிலோமீட்டர்தான். இதற்குக் காஞ்சிமாநதி என்று பழைய பேர் உண்டு. இதன் கரையில்தான் கொடுமணல் இருக்கிறது. சங்கப் பாட்டுகள் கொடுமணம் என்று சொல்கிற ஊர் அது. அங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்ததில் கல்மணி அறுத்ததற்கும், இரும்பு உருக்கியதற்கும் அடையாளங்கள் கிடைத்தன. ஆக, நொய்யல் கரையில் தொழில் நடப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. 2,000 வருஷத்துப் பழக்கம்.

ஆனால் ஒன்றை ஞாபகத்தில் வையுங்கள். நொய்யல் மழையை நம்பிய ஆறு. மழைக்காலத்தில் வெள்ளம் வரும். மற்ற நாளில் மணல்தான் தெரியும். வருஷம் முழுக்க நல்ல தண்ணி ஓடுகிற ஆறாக இருந்தால் கழிவு கலந்தாலும் ஓரளவு கரைந்து போகும். வறண்ட ஆற்றில் கழிவை விட்டால், அந்தக் கழிவுதான் ஆறு.

திருப்பூரில் பனியன் பின்னுகிற தொழில் 1920-களில் தொடங்கியது. நெடுங்காலம் அது வெள்ளை பனியன் தொழில். துணியை வெளுத்தால் போதும், சாயம் அதிகம் வேண்டியதில்லை. 1970-களின் கடைசியில் வெளிநாட்டு ஆர்டர் வர ஆரம்பித்தது. வெள்ளைக்காரர் கேட்டது வெள்ளை பனியன் அல்ல. சிவப்பு, நீலம், கருப்பு என்று கலர் பனியன். 1980-களில் பட்டறைகள் பெருகின. 1990-களின் முடிவில் திருப்பூரிலும் சுற்று வட்டாரத்திலும் சலவை, சாயப்பட்டறைகள் எழுநூற்றுக்கும் மேல் ஆகிவிட்டன. அவை வெளியே விட்ட தண்ணி தினசரி எட்டுக் கோடி லிட்டருக்கும் மேல்.

அந்நியச் செலாவணி வந்தது. மானாவாரிக் காட்டை நம்பி இருந்த எத்தனையோ குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைத்தது. அதை மறுக்க முடியாது. மறுக்கவும் கூடாது.

தொட்டிக்குள் இருந்த கடல்

சாயம் போட உப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சொல்றேன்.

பருத்தித் துணிக்குப் போடுகிற சாயத்தில் ஒரு வகை, நூலோடு வேதியியல் முறையில் ஒட்டிக்கொள்கிற சாயம். 1956-ல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துவைத்தாலும் வெளுக்காது, பளிச்சென்று இருக்கும். ஆனால் ஒரு சங்கடம். தண்ணிக்குள் போனதும் பஞ்சும் சாயமும் ஒன்றை ஒன்று தள்ளும். காந்தத்தின் ஒரே முனைகளைப் பக்கத்தில் வைத்தால் தள்ளுமே, அந்த மாதிரி. நடுவில் உப்பைக் கொட்டினால்தான் சாயம் துணியிடம் போகும். அழுத்தமான நிறம் என்றால் ஒரு லிட்டர் தண்ணிக்கு 60, 80 கிராம் வரை உப்பு போடுவார்கள். ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கு மேல் உப்பு செலவாகும்.

கடல் தண்ணியில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புதான் இருக்கிறது. அப்படியானால் சாயத் தொட்டியில் இருந்தது கடலைவிட இரண்டு பங்கு உப்புத் தண்ணி! திருப்பூரிலிருந்து கிழக்கே கடற்கரைக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆனால் தூத்துக்குடி உப்பளத்து உப்பு மூட்டை மூட்டையாக வந்து, ஊருக்குள்ளேயே ஒரு கடலை உண்டாக்கிவிட்டது.

வேலை முடிந்ததும் சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு மட்டும் துணியோடு போகாது. அதன் வேலை தூது போவதுதான். தூது முடிந்ததும் போட்ட உப்பு முழுக்க அப்படியே தண்ணியில் நிற்கும். அந்தத் தண்ணி சாக்கடை வழியாக, ஓடை வழியாக, நல்லாறு வழியாக நொய்யலில் இறங்கியது.

எவ்வளவு இறங்கியது? 1980 முதல் 2000 வரையில் திருப்பூர்ப் பட்டறைகள் வெளியேற்றிய கரைந்த உப்புகளின் அளவை மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள். சுமார் 23 லட்சத்து 50 ஆயிரம் டன். ஒரு லாரிக்குப் பத்து டன் என்று வைத்துக்கொண்டால் 2,35,000 லாரி லோடு. 20 வருஷம், ஒருநாள் விடாமல், தினம் 30 லாரிக்கு மேல் உப்பை ஆற்றில் கொட்டியதற்குச் சமம்.

நிறம் போகும், உப்பு போகாது

சட்டம் இல்லாமல் இல்லை. தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் ஏற்பட்டது. 1989-ல், ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு உண்டாக்கும் தொழிற்சாலை புதிதாக வரக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. 1990-களில் பல பட்டறைகள் சேர்ந்து எட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. மற்றவர்கள் தனித்தனியே கட்டினார்கள்.

அங்கே சுண்ணாம்பும் மற்ற மருந்துகளும் போட்டுக் கலக்கி, சேற்றைப் படிய வைத்தார்கள். தண்ணி ஓரளவு தெளிந்து வந்தது. "பாருங்கள், சுத்தம் ஆயிடுச்சு" என்றார்கள். பார்க்கிறவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இங்கேதான் உழவர் பெருமக்கள் கவனிக்க வேண்டும். நிறம் கண்ணுக்குத் தெரிகிற குற்றவாளி. உப்பு கண்ணுக்குத் தெரியாத குற்றவாளி. சாயத்தைப் படிய வைக்கலாம். கரைந்த உப்பைப் படிய வைக்க முடியாது. நம் வீட்டில் சாம்பாருக்கு உப்பு கூடிப்போனால் வடிகட்டி எடுக்க முடிகிறதா? அதே கதைதான். அந்தக் காலத்துச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தெளிவாக வந்த தண்ணியில் உப்பு அப்படியே இருந்தது. மருந்துச் சரக்கின் உப்பும் கொஞ்சம் கூடியது.

ஆற்றில் விடும் கழிவில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம் என்று வாரியம் வரம்பு வைத்தது. பட்டறைத் தண்ணி அதைப்போல இரண்டு பங்கு, மூன்று பங்கு இருந்தது. சரி, வரம்புக்குள்ளேயே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் தண்ணி கட்டினால் சுமார் இரண்டு லட்சம் லிட்டர் பாயும். லிட்டருக்கு இரண்டு கிராம் உப்பு என்றாலும் ஒரே பாய்ச்சலில் 400 கிலோ உப்பு நிலத்துக்குள் போகிறது. 50 கிலோ மூட்டை எட்டு! மஞ்சளுக்கு எத்தனை தண்ணி கட்டுகிறோம் என்று உங்களுக்கே தெரியும். செடி தண்ணியைக் குடிக்கும், வெயில் தண்ணியைக் குடிக்கும். உப்பை யாரும் குடிப்பதில்லை. அது வேர்க்காலிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

தண்ணி வேண்டாம் என்ற பாசனக்காரர்கள்

இப்போது ஆற்றோடு கீழே இறங்குவோம். திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலைப் பக்கம், நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். 16 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. 1992-ல் அணை பயனுக்கு வந்தது. வெள்ளக் காலத்துத் தண்ணியைத் தேக்கி, இப்பாலும் கீழே கரூர்ப் பக்கமும் பல ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் கொடுப்பது நோக்கம். கரூர்ப் பக்கத்துக்கு ஆத்துப்பாளையத்தில் இன்னொரு நீர்த்தேக்கம்.

நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் மேலே பட்டறைகள் பெருகின அதே காலத்தில் கீழே அணை எழும்பியது. விளைவு என்ன? வெள்ளத்தைப் பிடிக்கக் கட்டிய அணை சாயத் தண்ணியைப் பிடித்தது. ஆற்றில் ஓடிப் போயிருக்க வேண்டிய உப்பு வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றது. நின்ற தண்ணி சும்மா இருக்குமா? பக்கவாட்டிலும் அடியிலும் கசிந்து, சுற்று வட்டாரக் கிணறுகளுக்குள் இறங்கியது.

நம் கொங்கு நாட்டு நிலத்தடி கெட்டிப் பாறை. மேலே கொஞ்ச ஆழத்துக்கு உளுத்த பாறை, அதற்குக் கீழே வெடிப்புகள். தண்ணி இந்த உளுப்பிலும் வெடிப்பிலும்தான் நடக்கும். மெதுவாக நடக்கும். இதில் இரண்டு சங்கதி உண்டு. ஒன்று, பக்கத்துப் பக்கத்துக் கிணறாக இருந்தாலும் ஒன்று கெட்டும் ஒன்று கெடாமலும் இருக்கலாம். வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் உப்பு போகும். இன்னொன்று, மெதுவாகப் போன உப்பு மெதுவாகத்தான் திரும்பும். ஆற்றில் கழிவை நிறுத்தினால் ஆறு ஒரு வெள்ளத்தில் கழுவிக்கொள்ளும். கிணறு அப்படிக் கழுவிக்கொள்ளாது.

நல்ல தண்ணிக் கிணறு சப்பைத் தண்ணி ஆனது. சப்பைத் தண்ணி உப்புத் தண்ணி ஆனது. தென்னையில் ஓலை கருகியது, குரும்பை கொட்டியது. மஞ்சளும் வாழையும் போட்ட தோட்டத்தில் அவற்றைக் கைவிட வேண்டி வந்தது. மாட்டுக்குக் காட்டக்கூடத் தண்ணியை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய நிலை பல ஊர்களில் ஏற்பட்டது. காங்கேயம் மாடு பிறந்த சீமைக்கு இந்தக் கதி.

அப்புறம்தான் சரித்திரத்தில் அபூர்வமான ஒரு காரியம் நடந்தது. அணை கட்டினால் தண்ணி விடுங்கள் என்று பாசனக்காரர் கேட்பது வழக்கம். இங்கே பாசனக்காரர்கள், "எங்களுக்கு இந்தத் தண்ணி வேண்டாம், திறக்காதீங்க" என்றார்கள். தேக்கி வைத்தால் அணையைச் சுற்றி உள்ளவர்களுக்குக் கஷ்டம். திறந்தால் கீழே உள்ளவர்களுக்குக் கஷ்டம். பாசனத்துக்காகக் கட்டிய அணை பாசனக்காரருக்கே பகையாகிவிட்டது.

கோர்ட்டுப் படி ஏறிய கதை

1996-ல் கரூர்ப் பக்கத்து நொய்யல் கால்வாய் விவசாயிகள் சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. அதே 1996-ல் வேலூர்த் தோல் பதனிடும் தொழிற்சாலை வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பை ஒட்டிச் சூழல் இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைந்தது. அந்த ஆணையம் நொய்யல் கரை ஊர்களையும் விசாரித்தது. 2004 டிசம்பரில், 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு என்று தீர்மானித்தது.

இதற்கு நடுவில், 2003-ல் நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் பாதுகாப்புச் சங்கம் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2006 டிசம்பர் 22-ல் கோர்ட் உத்தரவு வந்தது. பட்டறையிலிருந்து ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வராத ஏற்பாட்டைச் செய்யுங்கள். செய்து முடிக்கும் வரை, வெளியே விடுகிற தண்ணிக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம் கட்டுங்கள் என்றது. பட்டறைக்காரர்கள் உச்சநீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. அதற்குப் பிறகும் முழுக்க நிறைவேறவில்லை. 2011 ஜனவரி 28-ல், எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடுங்கள், கரண்டைத் துண்டியுங்கள் என்று உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

ஊரே ஸ்தம்பித்துப் போயிற்று. நம் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துதான் வேலை இழந்தார்கள். சில பட்டறைகள் வேறு ஊர்களுக்கு நகர்ந்தன. அதே 2011-ல் தமிழ்நாடு அரசு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. இன்றைக்கு 18 பொது நிலையங்கள் புது முறையில் இயங்குகின்றன. சவ்வு வழியாக அழுத்திப் பிரிப்பதில் நல்ல தண்ணி தனியாக வரும். மிஞ்சிய உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்துத் தண்ணியை ஆவியாக்குவார்கள். கிடைக்கிற தண்ணியும் உப்பில் ஒரு பகுதியும் மறுபடி சாயத் தொட்டிக்கே போகும். திரும்பப் பயன்படாத கலப்பட உப்பு மூட்டையாகக் கொட்டகையில் சேரும்.

இந்த வழக்குகளில் விவசாயிகள் எதை வைத்து ஜெயித்தார்கள் தெரியுமா? அழுதால் மட்டும் ஜெயிக்க முடியாது. எந்த ஊரில், எந்தக் கிணற்றில், எவ்வளவு உப்பு என்ற அளவுதான் பேசியது. தண்ணியில் உப்பு கூடக் கூட அதன் வழியாக மின்சாரம் சுலபமாகப் பாயும். கையடக்கமான ஒரு கருவியை முக்கினால் ஒரு நிமிஷத்தில் எண் வந்துவிடும். ஆற்றோரக் கிணற்றில் ஓர் எண், அரை மைல் தள்ளி ஓர் எண், நாலு மைல் தள்ளி ஓர் எண். ஆற்றை நெருங்க நெருங்க எண் ஏறுகிறது என்றால், உப்பு எங்கிருந்து வந்தது என்று வேறு சாட்சி தேவையா? திருப்பூரிலிருந்து இறங்கிய உப்பே தன் தடத்தைக் காட்டிக் கொடுத்தது.

காவிரியில் இறங்கிய பிறகு

சரி, நொய்யல் காவிரியில் கலந்த பிறகு உப்பு என்ன ஆயிற்று?

காவிரி பெரிய ஆறு. வெள்ளம் வரும்போது நொய்யல் உப்பு அதில் கரைந்து காணாமல் போகும். கோடையில் காவிரியே இளைத்துக் கிடக்கும்போது அவ்வளவு சுலபத்தில் காணாமல் போகாது. அதுவும் நேராகக் கடலுக்குப் போவதில்லை. மாயனூர், முக்கொம்பு, கல்லணை என்று தடுப்புக்கு மேல் தடுப்பு. கல்லணைக்குப் பிறகு தண்ணி கிளைகளிலும் வாய்க்கால்களிலும் பிரிந்து வயலுக்குப் போகிறது. வயலில் தங்கியது போக, கொஞ்சம் நிலத்துக்குள் இறங்குகிறது, கொஞ்சம் வடிகாலில் விழுகிறது. பூம்புகாரில் காவிரி கடலைத் தொடும் இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேட்டூரில் பார்த்த காவிரியா இது என்று தோன்றும்.

ஆக, நொய்யலில் இறங்கிய உப்பு எல்லாம் கடலுக்குப் போய்விட்டது என்று நினைத்தால் தப்பு. ஒரு பகுதி அணையின் சேற்றில், ஒரு பகுதி கிணற்றுப் பாறை வெடிப்பில், ஒரு பகுதி தோட்டத்து மண்ணில் தங்கிவிட்டது. மழை பெய்யும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்ந்துகொண்டிருக்கிறது.

கடலுக்குள் போனதைக் கண்டுபிடிக்க முடியுமா? இங்கே ஒரு வேடிக்கை. திருப்பூரிலிருந்து நம்மைக் கைப்பிடித்து அழைத்து வந்த சாட்சி கடற்கரையில் வாய் மூடிக்கொள்கிறது. கடலே உப்பு. அதில் ஒரு குவளை மொண்டு, "இது திருப்பூர் உப்பு, இது தூத்துக்குடி உப்பு" என்று யாரும் பிரிக்க முடியாது. வேறு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி பாறையிடம் இருக்கிறது. எல்லாப் பாறையிலும் துளியூண்டு யுரேனியம் உண்டு. அது சிதைந்து ரேடியம் ஆகும். ரேடியம் சிதைந்து ரேடான் என்ற வாயு ஆகும். நிலத்தடித் தண்ணி பாறையோடும் மண்ணோடும் உரசிக் கிடப்பதால் ரேடான் அதில் ஊறிவிடும். ஆற்றுத் தண்ணியிலும் கடல் தண்ணியிலும் ரேடான் மிகக் குறைவு, காற்றில் போய்விடும். நாலு நாளுக்குள் பாதி அழிந்தும் போகும். அப்படியானால் கடலோரத்தில் ஓர் இடத்தில் ரேடான் நிறைய இருந்தால், அங்கே அடியிலிருந்து நிலத்தடித் தண்ணி ஊறி வருகிறது, அதுவும் இப்போதுதான் வந்தது என்று அர்த்தம். மாட்டின் மேல் ஒட்டிய செம்மண்ணைப் பார்த்து எந்தக் காட்டில் மேய்ந்தது என்று சொல்வோமே, அந்த மாதிரி.

நிலத்தடித் தண்ணி கடலுக்கு அடியில் ஊறுமா என்று சந்தேகப்பட வேண்டாம். ராமேசுவரம் தீவில் வில்லூண்டித் தீர்த்தம் கேள்விப்பட்டிருப்பீங்க. கடலுக்குள் நிற்கிற ஊற்று. அதில் நல்ல தண்ணி. ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது ஐதீகம். நிலத்திலிருந்து தண்ணி கடலுக்கு அடியில் போகிறது என்பதை நம் முன்னோர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே போதும்.

எவ்வளவு போகிறது என்பதை 1996-ல் அமெரிக்காவில் வில்லார்ட் மூர் என்ற விஞ்ஞானி அளந்து சொன்னார். தெற்கு கரோலினா மாநிலத்தை ஒட்டிய கடலில், ஆறுகள் கொண்டுவரக் கூடியதைவிட மிக அதிகமாக ரேடியம் இருந்தது. மிச்சம் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டார். அந்தக் கரையில் ஆறுகள் கடலில் கொட்டும் தண்ணியில் ஏறக்குறைய 40 சதவீதம் அளவுக்கு நிலத்தடித் தண்ணியும் கடலில் கலக்கிறது என்று வந்தது. அதுவரை கடல் கெடுவதற்கு ஆற்று முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அடியில் இருக்கிற இந்தக் கள்ள வழியையும் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கடலில் கொட்டினால் என்ன?

"கடல்தான் உப்பாச்சே, அங்கேயே கொண்டுபோய்க் கொட்டினால் என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. திருப்பூர், ஈரோடு, கரூர் சாயக் கழிவைக் குழாய் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோகலாம் என்ற யோசனை 2000-களில் அரசாங்க மட்டத்திலேயே பேசப்பட்டது. கடற்கரைப் பக்கத்தில் எதிர்ப்பு எழுந்தது. திட்டம் நிறைவேறவில்லை.

கேள்வி நியாயமானது. பதிலும் சொல்ல வேண்டும். வெறும் உப்பு மட்டும் போனால் கடலுக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் கழிவு தனியாகப் போவதில்லை. சாயமும், மருந்துச் சரக்கும், உலோகமும் கூடப் போகும். குழாய் முடியும் இடம் மீன் குஞ்சு வளர்கிற கரையோரக் கடல். நொய்யல் விவசாயி பட்ட பாட்டை நாகப்பட்டினத்து மீனவர் தலையில் மாற்றி வைப்பதுதான் மிஞ்சும். கெடுத்ததைக் கெடுத்த இடத்திலேயே சரிசெய்ய வேண்டும் என்று கேட்டு வாங்கிய நாம், அதை அடுத்தவருக்கு அனுப்பச் சொல்வது முறையா?

டெல்டா உழவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. கடலோரத்தில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணியின் மேல் மிதந்து கொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். இது நூறு வருஷத்துக்கு முன்பே கண்டறிந்த கணக்கு. மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரப் பார்க்கும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மேல் இறைத்து, கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது இப்படித்தான். மேலேயிருந்து நல்ல தண்ணி வருவது குறைந்து, வருகிறதிலும் உப்பு கூடினால், கரையோர உழவர் இரண்டு பக்கமும் இடிபடுவார்.

நம் பங்கும் உண்டு

பட்டறைக்காரரை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போவது நியாயம் ஆகாது. உப்பு நடந்த அதே பாதையில் நம் யூரியாவும் நடக்கிறது. பயிர் எடுத்துக்கொண்டது போக மிச்சம் நைட்ரேட்டாக மாறும். அதுவும் உப்பு மாதிரித்தான். தண்ணியில் கரையும், மண்ணில் ஒட்டாது, நிறமும் கிடையாது. கிணற்றுக்குப் போகும், ஆற்றுக்குப் போகும், நிலத்தடி வழியாகக் கடலுக்கும் போகும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தை ஒட்டிய கடலில் நிலத்தடி வழியாக நைட்ரேட் ஊறி வருவதை 1980-லேயே எழுதி வைத்தார்கள். கடலில் உரம் கூடினால் பாசி மண்டும். பாசி அழுகினால் மீனுக்கு மூச்சு முட்டும். ஆகவே, யூரியாவை ஒரே தடவையில் அள்ளிக் கொட்டாமல், மண் பரிசோதனை செய்து, மூன்று நாலு தடவையாகப் பிரித்துப் போடுங்கள். பணமும் மிச்சம், கிணறும் மிச்சம்.

கடைசியாக ஒரு வார்த்தை. நொய்யல் சரித்திரத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். தண்ணி தெளிவாக இருக்கிறது என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். உங்கள் ஊருக்கு மேலே எந்தத் தொழிற்சாலை வந்தாலும், வருவதற்கு முன்பே உங்கள் கிணற்றுத் தண்ணியைப் பரிசோதனைச் சாலையில் கொடுத்துச் சீட்டு வாங்கி வையுங்கள். பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை, சித்திரை வெயிலில் ஒன்று, மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒன்று என்று எடுங்கள். தேதி, கிணற்று ஆழம், தண்ணி மட்டம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊரில் பத்துப் பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. பத்து வருஷத்து நோட்டு பத்திரத்துக்குச் சமம். நாளைக்கு ஒரு தகராறு வந்தால், "முன்னே நல்லா இருந்துச்சுங்க" என்று வாய்ப்பேச்சில் சொல்வதற்கும், தேதி போட்ட சீட்டை எடுத்து நீட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு.

கடலில் பிறந்த உப்பு திருப்பூர் வந்து 40 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் எவ்வளவோ இன்னும் வீடு போய்ச் சேரவில்லை. அதுவரை அதன் நடையைக் கணக்கு வைப்பது நம் வேலை.